இரும்பா, மாங்கனீசா? பாக்டீரிய டிஸ்மியூட்டேஸ் நொதியில் உலோக மாற்றமும் காவிரிப் படுகை நெல்வயலும்

ஆய்வுச் சுருக்கம்

சூப்பர்ஆக்சைடு என்னும் தீங்கான அயனியை நீக்கும் டிஸ்மியூட்டேஸ் நொதி, பாக்டீரியங்களில் பெரும்பாலும் இரும்பையோ மாங்கனீசையோ மையமாகக் கொண்டு இயங்குகிறது. இவ்விரு வகை நொதிகளும் வடிவில் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் ஒன்றன் உலோகத்தை நீக்கி மற்றதன் உலோகத்தைப் பொருத்தினால் பல இனங்களில் நொதி செயலற்றுப் போகிறது. இதற்கான காரணத்தையும், எந்த உலோகம் கிடைத்தாலும் இயங்கவல்ல விதிவிலக்கான நொதிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. நீர் நிற்பதும் வடிவதுமாகிய காவிரிப் படுகை வயல்களில் வாழும் நைட்ரசன் நிலைநிறுத்தும் நீலப்பச்சைப் பாசிகளுக்கு இவ்விளக்கம் எவ்வாறு பொருந்துகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், இரும்பு, மாங்கனீசு, உலோக மாற்றம், நீலப்பச்சைப் பாசி, காவிரிப் படுகை

நீர் நின்ற வயலில் இரு உலோகங்கள்

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12ஆம் நாளுக்குப் பின் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் குறுவை வயல்களில் நீர் ஏறுகிறது. சேற்றுழவு முடிந்து நீர் நிலைத்தவுடன் மண்ணின் வேதியியலும் மாறத் தொடங்குகிறது. மண்துகள்களுக்கிடையே இருந்த ஆக்சிசனை நுண்ணுயிரிகள் ஓரிரு நாளிலேயே செலவழித்துவிடுகின்றன. அதன்பின் அவை சுவாசத்திற்கு வேறு எலக்ட்ரான் ஏற்பிகளை நாடுகின்றன. முதலில் நைட்ரேட்டு, அடுத்து மாங்கனீசு ஆக்சைடு, அதன்பின் இரும்பு ஆக்சைடு, பிறகு சல்பேட்டு என்பது ஏறத்தாழ மாறாத வரிசையாகும். இலங்கையில் பிறந்து, பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய மண் வேதியியலாளர் பீலிக்சு பொன்னம்பெருமா, நீர் மூழ்கிய மண் குறித்து 1972இல் வெளியிட்ட விரிவான கட்டுரையில் இவ்வரிசையைத் தெளிவுபடுத்தினார்.

இவ்வரிசையில் நடுவிலுள்ள இரண்டு படிகளே இங்குக் கருதத்தக்கவை. உலர்ந்த மண்ணில் மாங்கனீசும் இரும்பும் பெரும்பாலும் கரையாத ஆக்சைடுகளாக இருக்கின்றன. நீர் தேங்கியதும் முதலில் மாங்கனீசும், சில நாள்கள் கழித்து இரும்பும் +2 நிலைக்கு ஒடுக்கமடைந்து கரைகின்றன. சேறு பழுப்பு நிறம் இழந்து சாம்பல் நிறம் கொள்வது இம்மாற்றத்தின் கண்கூடான அடையாளம். வாய்க்கால் ஓரத்தில் சில வேளைகளில் தென்படும் எண்ணெய் போன்ற துருநிறப் படலம், கரைந்த இரும்பு காற்றைத் தொட்டு மீண்டும் ஆக்சிசனேற்றம் அடைவதால் உண்டாவது. நெல்வேரின் மீது படியும் செம்பழுப்புப் பூச்சும் அவ்வாறே தோன்றுகிறது. தண்டின் காற்றறைகள் வழியே வேருக்கு வரும் ஆக்சிசன், வேரைச் சுற்றியுள்ள இரும்பைத் துருவாக்கிப் படியச் செய்கிறது.

மண்ணின் தன்மை இதன் அளவைத் தீர்மானிக்கிறது. பழைய படுகையின் களத்தூர், ஆதனூர் வகைக் களிமண்ணும், மேட்டூர்த் திட்டத்தால் பாசனம் பெற்ற புதிய படுகையின் மதுக்கூர் வகைச் செம்மண்ணும் நீரைப் பிடித்துவைப்பதிலும் கார அமிலத் தன்மையிலும் வேறுபடுகின்றன. ஆகவே ஒரே நாளில் நீர் பாய்ந்தாலும் இரு இடங்களிலும் கரையும் உலோகத்தின் அளவு ஒன்றாக இராது. ஒரு வயலுக்குள்ளேயும் இவ்வேறுபாடு உண்டு. சேற்றின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அடுக்கு மட்டும் ஆக்சிசன் பெற்றுப் பழுப்பாகவே நிற்கிறது. அதற்கு மேலுள்ள நீரில் பகற்பொழுதில் பாசிகளின் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிசன் மிகுகிறது. கார்பன் டைஆக்சைடு குறைவதால் காரத்தன்மையும் உயர்கிறது. இச்சூழலில் இரும்பு கரைந்து நிற்பதில்லை. அப்பரப்புக்கு ஒரு விரற்கடை கீழே இரும்பு தாராளமாக இருக்க, அதன் மேல் மிதக்கும் உயிரி இரும்புப் பஞ்சத்தில் வாழ நேரிடுகிறது.

இரும்பு, மாங்கனீசு ஆகிய இரண்டில் ஒன்றை மையமாகக் கொண்டு இயங்கும் நொதி இவ்வுயிரிகளுக்கு இன்றியமையாதது. சூழலில் ஒரு உலோகம் மிகுந்து மற்றது குறையும்போது அந்நொதிக்கு என்ன நேரும் என்பதே எழும் வினா.

நொதியின் பணி

ஆக்சிசன் மூலக்கூறு ஒரேயொரு எலக்ட்ரானை ஏற்றால் சூப்பர்ஆக்சைடு அயனி உருவாகிறது. சுவாசத்திலும் ஒளிச்சேர்க்கையிலும் எலக்ட்ரான்கள் கடத்தப்படும்போது சில வழிதவறி ஆக்சிசனைச் சேர்வதால் இது தவிர்க்க இயலாத விளைபொருளாகிறது. நான்கு இரும்பு, நான்கு கந்தகம் கொண்ட கொத்துகளை உடைய அக்கோனிட்டேஸ் போன்ற நொதிகளை இது தாக்கி, அவற்றிலிருந்து ஒரு இரும்பு அணுவைக் கழன்றுவிடச் செய்கிறது. அவ்வாறு கழன்ற இரும்பு, ஹைட்ரசன் பெராக்சைடுடன் வினைபுரிந்து டி.என்.ஏ.வைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்பை உண்டாக்குகிறது.

1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் சூப்பர்ஆக்சைடை நீக்கும் நொதியை முதன்முதலாக அறிவித்தனர். அது மாட்டின் சிவப்பணுக்களிலிருந்து பெறப்பட்ட, செம்பும் துத்தநாகமும் கொண்ட புரதம். அடுத்த ஆண்டே ஈ. கோலை பாக்டீரியத்திலிருந்து மாங்கனீசு கொண்ட நொதியும், 1973இல் அதே பாக்டீரியத்திலிருந்து இரும்பு கொண்ட நொதியும் பிரித்தெடுக்கப்பட்டன. ஒரே உயிரணுவில் ஒரே வேலைக்கு இரு உலோகங்களில் இரு நொதிகள் இருப்பது அன்று வியப்பளித்தது. 1986இல் கார்லியோசு, துவாத்தி ஆகியோர் அவ்விரண்டு நொதிகளின் மரபணுக்களையும் செயலிழக்கச் செய்தனர். அப்பாக்டீரியம் காற்றில்லாத சூழலில் இயல்பாக வளர்ந்தது; காற்றிருக்கும் சூழலில் அமினோ அமிலங்கள் ஊட்டப்பட்டாலன்றி எளிய ஊடகத்தில் வளர இயலவில்லை. சூப்பர்ஆக்சைடின் தீங்கு வெறும் கோட்பாடு அன்று என்பதற்கு இது தெளிவான சான்றாயிற்று.

நொதியின் வினை இரு படிகளைக் கொண்டது. +3 நிலையிலுள்ள உலோகம் ஒரு சூப்பர்ஆக்சைடிலிருந்து எலக்ட்ரானைப் பெற்று அதனை ஆக்சிசனாக்குகிறது. தான் +2 நிலைக்கு இறங்குகிறது. அடுத்து வரும் சூப்பர்ஆக்சைடுக்கு அதே எலக்ட்ரானைக் கொடுத்து, இரு புரோட்டான்களின் துணையோடு ஹைட்ரசன் பெராக்சைடாக்கி, தான் மீண்டும் +3 நிலைக்கு ஏறுகிறது. விளைந்த பெராக்சைடை அகற்றுவது கேட்டலேஸ் முதலிய பிற நொதிகளின் வேலை. ஒரே உலோகம் வாங்கவும் கொடுக்கவும் வேண்டும் என்பதே இந்நொதியின் நெருக்கடி. வாங்கும் ஆற்றல் மட்டும் மிகுந்தால் கொடுக்க மனம் வராது. கொடுக்கும் விருப்பம் மட்டும் மிகுந்தால் வாங்க இயலாது.

உலோகத்தை எடுத்தலும் பொருத்தலும்

உலோகத்தை மாற்றும் ஆய்வுகள் 1970களின் நடுவில் தொடங்கின. டியூக் ஆய்வகத்தில் ஓசு, ஃபிரிடோவிச் ஆகியோர் ஈ. கோலையின் மாங்கனீசு நொதியை அமிலச் சூழலில் குவானிடினியம் குளோரைடால் நெகிழச்செய்து, உள்ளிருந்த மாங்கனீசை வெளியேற்றினர். உலோகமற்ற அப்புரதம் செயலற்றிருந்தது. பின்னர் மாங்கனீசு உப்புக் கரைசலில் நடுநிலைக்குக் கொண்டுவந்தபோது செயல் மீண்டது. கோபால்ட்டு, நிக்கல், துத்தநாகம், இரும்பு ஆகியவையும் அதே இடத்தில் சென்று அமர்ந்தன. ஆனால் அவற்றுள் எதுவும் செயலை மீட்கவில்லை. சூடோமோனாசு இனத்தின் இரும்பு நொதியைக் கொண்டு சப்பானில் யமகுரா நிகழ்த்திய ஆய்வு, மறுபுறத்திலிருந்து அதே முடிவை எட்டியது. அங்கு இரும்பு செயலை மீட்டது, மாங்கனீசு மீட்கவில்லை.

கோபால்ட்டும் துத்தநாகமும் செயல்படாமை எதிர்பார்க்கத்தக்கதே. துத்தநாகத்திற்கு +2, +3 என மாறும் இயல்பே இல்லை. இரும்பின் தோல்விதான் விளக்கம் வேண்டி நின்றது. ஏனெனில் இரும்பு நொதியையும் மாங்கனீசு நொதியையும் படிகவியல் முறையில் ஒப்பிட்டபோது வேறுபாடு காண்பதே அரிதாக இருந்தது. இரண்டும் சுமார் 200 அமினோ அமிலங்கள் கொண்ட அலகுகள் இரண்டு சேர்ந்த இருபடிகள். இரண்டிலும் உலோகத்தைப் பற்றி நிற்பவை மூன்று ஹிஸ்டிடின்கள், ஒரு அஸ்பார்ட்டேட்டு, ஒரு நீர் மூலக்கூறு அல்லது ஹைட்ராக்சைடு என்னும் அதே ஐந்து. உலோகம் நுழைவதிலும் தடை இல்லை. மாங்கனீசு நொதிப் புரதம் மாங்கனீசையும் இரும்பையும் ஏறத்தாழ சமமான பற்றுடனேயே பிணைக்கிறது என்பதைப் பிற்கால வெப்ப அளவியல் ஆய்வுகள் காட்டின. பூட்டில் தவறான சாவி நுழையவில்லை என்று இதனை விளக்க முடியாது. சாவி நுழைகிறது, பொருந்துகிறது; பூட்டு மட்டும் திறப்பதில்லை.

செயலின்மைக்கான விளக்கம்

இப்புதிருக்கு 1998இல் கேரி வேன்சு, ஆன்-பிரான்சிசு மில்லர் ஆகியோர் முன்வைத்த விளக்கம் எளிமையானது. உலோகம் எலக்ட்ரானை எவ்வளவு விரும்புகிறது என்பதை அதன் ஒடுக்க மின்னழுத்தம் காட்டுகிறது. ஹைட்ரசன் மின்வாயை அடிப்படையாகக் கொண்டால், சூப்பர்ஆக்சைடு எலக்ட்ரானை விட்டு ஆக்சிசனாகும் வினை ஏறத்தாழ −160 மில்லிவோல்ட்டிலும், எலக்ட்ரானை ஏற்றுப் பெராக்சைடாகும் வினை ஏறத்தாழ +890 மில்லிவோல்ட்டிலும் அமைகின்றன. இரண்டையும் செய்ய வேண்டிய உலோகத்தின் மின்னழுத்தம் இவ்விரண்டுக்கும் நடுவில் இருத்தல் வேண்டும். ஈ. கோலையின் இரும்பு நொதியில் அது சுமார் 220, மாங்கனீசு நொதியில் சுமார் 290 மில்லிவோல்ட். இரண்டும் நடுவிடத்திற்கு அருகிலேயே உள்ளன.

நீரில் தனித்திருக்கும் நிலையில் இவ்விரு உலோகங்களும் இப்படி நெருங்கி இருப்பதில்லை. இரும்பின் மின்னழுத்தம் சுமார் 0.77 வோல்ட், மாங்கனீசினது சுமார் 1.5 வோல்ட். இயல்பிலேயே முக்கால் வோல்ட் அளவு உயர்ந்து நிற்கும் மாங்கனீசை அதே நடுவிடத்திற்குக் கொண்டுவர அதன் புரதம் மிக வலுவாகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டியுள்ளது. இரும்புக்கு அவ்வளவு இழுப்பு தேவையில்லை. மாங்கனீசுக்காக அமைந்த புரதத்தில் இரும்பை வைத்தால் அதே வலுவான இழுப்பு அதனைச் சுமார் −240 மில்லிவோல்ட்டுக்குத் தாழ்த்திவிடுகிறது. அந்த இரும்பு சூப்பர்ஆக்சைடிலிருந்து எலக்ட்ரானைப் பெற இயலாமல் +3 நிலையிலேயே தங்கிவிடுகிறது. இரும்புக்காக அமைந்த புரதத்தில் மாங்கனீசை வைத்தாலோ இழுப்புப் போதாமல் அது 960 மில்லிவோல்ட்டுக்கும் மேலே நிற்கிறது. அதற்கு எலக்ட்ரானை விட்டுக்கொடுக்க இயலாது. +2 நிலையிலேயே முடங்கிவிடுகிறது.

தஞ்சாவூர் வீணையில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. மெல்லிய தந்திக்கும் தடித்த தந்திக்கும் பிரடையை ஒரே அளவு முறுக்கினால் சுருதி சேராது. ஒவ்வொரு தந்திக்கும் உரிய முறுக்கு வேறு. எட்ட வேண்டிய சுருதி மட்டும் முன்பே முடிவானது. மெல்லிய தந்திக்கென முறுக்கிய பிரடையில் தடித்த தந்தியைக் கட்டினால் அது கட்டுண்டு நிற்கும், ஆனால் அபசுரமாக ஒலிக்கும். ஒப்புமையை இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. தந்தியில் தொனி ஏறி இறங்கலாம்; நொதியில் சுருதி தவறினால் வினை அடியோடு நின்றுவிடுகிறது.

இவ்விழுப்பு எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த வினா. உலோகத்தை நேரே தொடும் ஐந்து பிணைப்புகளும் ஒன்றாக இருப்பதால் விடை அதற்கு வெளியே இருக்க வேண்டும். உலோகம் எலக்ட்ரானை ஏற்கும்போது, அதனோடு இணைந்த ஹைட்ராக்சைடு ஒரு புரோட்டானை ஏற்று நீராகிறது. அருகிலுள்ள குளுட்டமின் ஒன்று ஹைட்ரசன் பிணைப்பால் இந்த ஹைட்ராக்சைடைத் தாங்கி நிற்கிறது. தாங்குதல் வலுவாக இருந்தால் ஹைட்ராக்சைடு நீராக மாறுவது கடினமாகிறது. அதனால் உலோகம் எலக்ட்ரானை ஏற்பதும் கடினமாகி மின்னழுத்தம் தாழ்கிறது. மாங்கனீசு நொதியில் 146ஆம் இடத்துக் குளுட்டமினும் இரும்பு நொதியில் 69ஆம் இடத்துக் குளுட்டமினும் இப்பணியைச் செய்கின்றன. புரதச் சங்கிலியின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்தாலும் இரண்டும் கிளர்வு மையத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தை நிரப்புகின்றன. முன்னது மட்டும் சற்று நெருங்கி, வலுவாகப் பிணைகிறது.

மில்லரின் குழு 2006இல் இதனை நேரடியாகச் சோதித்தது. இரும்பு நொதியின் 69ஆம் குளுட்டமினை ஹிஸ்டிடினாக மாற்றியபோது மின்னழுத்தம் 240 மில்லிவோல்ட் உயர்ந்தது. நொதிக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு செயல் எஞ்சியது. குளுட்டமேட்டாக மாற்றியபோது கிளர்வு மையத்தின் வடிவம் ஏறக்குறைய அப்படியே இருந்தும் மின்னழுத்தம் 660 மில்லிவோல்ட்டுக்கும் மேல் உயர்ந்து நொதி செயலிழந்தது. ஒரேயொரு அமினோ அமிலம், அதுவும் உலோகத்தைத் தொடாத ஒன்று, இத்தனை பெரிய மாற்றத்தை விளைவித்தது. வடிவம் கெட்டால்தான் செயல் கெடும் என்னும் பாடநூல் விதிக்கு இது நல்ல மறுப்பு.

உயிரணுவுக்குள் நிகழ்வது

சோதனைக்குழாயில் நிகழும் இத்தவறு உயிரணுவிலும் நிகழ்கிறதா? பேயர், ஃபிரிடோவிச் ஆகியோர் 1991இல் இதற்கு விடை கண்டனர். ஈ. கோலையில் மாங்கனீசு நொதியின் இடத்தைப் பிடிக்க இரும்பும் மாங்கனீசும் போட்டியிடுகின்றன. காற்றில்லாச் சூழலில் உருவாகும் அப்புரதம் பெரும்பாலும் இரும்பால் நிரம்பிச் செயலற்றிருக்கிறது. ஊடகத்தில் மாங்கனீசைக் கூட்டினால் செயல் உயர்கிறது. அதாவது மரபணு இயங்குகிறது, புரதம் உருவாகிறது, உலோகமும் அமர்ந்துள்ளது. நொதி மட்டும் இல்லை. நெல்வயல் போன்ற இரும்பு மிகுந்த ஆக்சிசனற்ற சூழலை எண்ணும்போது இம்முடிவு அலட்சியப்படுத்தத்தக்கது அன்று.

இதனை ஈ. கோலை உலோகத்தை மாற்றிச் சமாளிப்பதில்லை, புரதத்தையே மாற்றுகிறது. ஃபர் என்னும் புரதம் இரும்பு மிகுந்திருக்கையில் மாங்கனீசு நொதியின் மரபணுவை அடக்கிவைக்கிறது. இரும்பு குறைந்தால் அவ்வடக்கம் நீங்கி மாங்கனீசு நொதி உருவாகிறது. அதே வேளையில் ரைபி என்னும் சிறிய ஆர்.என்.ஏ. மூலக்கூறு இரும்பு நொதியின் செய்தி ஆர்.என்.ஏ.வை அழியச் செய்கிறது. கையிருப்புக் குறைந்த உலோகம் வேறு வழியில்லாத பணிகளுக்கு ஒதுக்கப்படுகிறது. இரும்பு மிகுந்த நேரத்தில் மாங்கனீசு நொதியை உருவாக்காமலிருப்பதற்கு இன்னொரு நன்மையும் உண்டு: தவறான உலோகம் நிரம்ப வாய்ப்புள்ள புரதம் வீணே உருவாவதில்லை.

வேறு சில பாக்டீரியங்கள் இத்தகைய இரட்டை ஏற்பாட்டை மேற்கொள்ளவில்லை. புரோப்பியோனிபாக்டீரியம் செர்மானி 1980களின் தொடக்கத்திலும், பற்சொத்தைக்குக் காரணமான ஸ்டிரெப்டோகாக்கசு மியூட்டன்சு 1986இலும் இவ்வகையில் ஆராயப்பட்டன. இவற்றில் ஒரே புரதம் இரும்பு கிடைத்தால் இரும்பையும் மாங்கனீசு கிடைத்தால் மாங்கனீசையும் கொண்டு இயங்குகிறது. இத்தகைய நொதிகளை உலோகம் மாறும் நொதிகள் எனலாம். இரு உலோகத்திற்கும் ஓரளவு பொருந்தும் இடைநிலையான இழுப்பை இவற்றின் புரதம் கொண்டுள்ளது என்று கருதுவது முன்கூறிய விளக்கத்தோடு இயைகிறது.

இந்நெகிழ்வு எவ்வாறு தோன்றுகிறது என்பதற்கு ஸ்டெஃபைலோகாக்கசு ஆரியசு சிறந்த சான்று. இதற்கு மிக நெருங்கிய உறவுடைய இரு நொதிகள் உண்டு. ஒன்று மாங்கனீசோடு மட்டும் இயங்குவது, மற்றது எதனோடும் இயங்குவது. தொற்றின்போது மனித உடல் கால்புரோட்டெக்டின் என்னும் புரதத்தால் மாங்கனீசைக் கிருமிக்கு எட்டாமல் மறைத்துவைக்கிறது. அவ்வேளையில் இரண்டாம் நொதி கைகொடுக்கிறது. கெவின் வால்ட்ரன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்விரு நொதிகளின் உலோக விருப்பத்தைத் தீர்மானிப்பவை 159, 160 ஆகிய இடங்களிலுள்ள இரு அமினோ அமிலங்கள். இவையும் உலோகத்தை நேரே தொடுபவை அல்ல. அவற்றை ஒன்றுக்கொன்று இடம்மாற்றியபோது உலோக விருப்பமும் கணிசமாக இடம்மாறியது. பரிணாமத்தில் உலோக மாற்றம் பெரும் பாய்ச்சலாக நிகழ வேண்டியதில்லை; ஓரிரு அடிகளே போதும் என்பது இதனால் விளங்குகிறது.

படுகையின் நீலப்பச்சைப் பாசி

நெல்வயலின் வளத்தில் நீலப்பச்சைப் பாசிகளின் பங்கை 1939இல் பி.கே. டே நிறுவினார். நீர் தேங்கிய நெல்மண் உரமின்றியும் நைட்ரசன் குன்றாதிருப்பதற்கு இவையே முதன்மைக் காரணம் என்று அவர் காட்டினார். இவ்வுயிரிகளின் இந்திய இனங்களைத் தொகுத்த அடிப்படை நூல் சென்னைப் பல்கலைக்கழகப் பாசியியலாளர் டி.வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்டது. இன்றும் தமிழ்நாட்டு வேளாண் பரிந்துரையில் நடவு செய்த 10ஆம் நாள் ஹெக்டேருக்கு 10 கிலோ நீலப்பச்சைப் பாசித் தூளை வயலில் தூவி, மெல்லிய நீர்ப்படலம் நிறுத்தும் முறை இடம்பெற்றுள்ளது. அசோலாவின் இலைக்குழிகளில் வாழும் பாசியும் இவ்வினத்தைச் சார்ந்ததே.

இவ்வுயிரிகளின் நிலை ஈ. கோலையைவிடச் சிக்கலானது. இவை ஒளிச்சேர்க்கையில் தாமே ஆக்சிசனை வெளியிடுகின்றன. அதே இழையில் ஆக்சிசனைச் சிறிதும் தாங்காத நைட்ரசனேஸ் நொதியையும் கொண்டுள்ளன. இம்முரணைத் தீர்க்க அனபீனா, நாசுடாக் போன்றவை ஹெட்டிரோசிஸ்ட்டு என்னும் தடித்த சுவருடைய தனி உயிரணுக்களை உருவாக்கி அங்கு நைட்ரசனை நிலைநிறுத்துகின்றன. உலோகக் கணக்கிலும் இவற்றின் தேவை பெரிது. நீரைப் பிளக்கும் மையத்திற்கு நான்கு மாங்கனீசு அணுக்கள் வேண்டும். ஒளிச்சேர்க்கையின் பிற பகுதிகளுக்கும் நைட்ரசனேசுக்கும் இரும்பு ஏராளமாக வேண்டும். டிஸ்மியூட்டேஸ் நொதி எந்த உலோகத்தை நாடினாலும் அதற்கு வலிய போட்டியாளர் ஒருவர் உயிரணுவுக்குள்ளேயே இருக்கிறார்.

அனபீனா பிசிசி 7120 என்னும் இனவகையில் உயிரணுச் சாற்றில் கரைந்துள்ள இரும்பு நொதியும் சவ்வை நாடிச் செல்லும் மாங்கனீசு நொதியும் உள்ளன. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஹேமா ராசாராம், ஸ்ரீகுமார் ஆப்தே ஆகியோர் அடங்கிய குழு இவற்றை விரிவாக ஆராய்ந்தது. இவ்விரு நொதிகளையும் மிகுதியாக உருவாக்கும் இழைகள் ஆக்சிசனேற்ற நெருக்கடியை எவ்வளவு தாங்கும் என்பது அவை பெறும் நைட்ரசனின் நிலையைப் பொறுத்து மாறுவதை 2011இல் அவர்கள் காட்டினர். மாங்கனீசு நொதியின் முன்முனை வெட்டப்படுவதால் சவ்விலும் சாற்றிலும் செயல்படும் பல்வகை இருபடிகள் தோன்றுவதை 2013இல் வெளியிட்டனர். ஒன்று மற்றொன்றுக்கு மாற்று என்று எளிதாகக் கூறிவிட இயலாது என்பதும், இடம், நைட்ரசன் நிலை, உலோகம் ஆகிய மூன்றும் பின்னியுள்ளன என்பதும் இவற்றால் பெறப்படுகின்றன.

படுகைக்கு இதன் பொருத்தம் நீர் மேலாண்மையில் கூர்மையடைகிறது. நீர்ப் பற்றாக்குறையால் வேளாண்மைத் துறையினர் வலியுறுத்தும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில், நிறுத்திய நீர் வடிந்து மண்ணில் மயிரிழை வெடிப்பு தோன்றும் தறுவாயில் மீண்டும் பாய்ச்சப்படுகிறது. ஒவ்வொரு காய்ச்சலிலும் இரும்பும் மாங்கனீசும் ஆக்சைடாகத் திரும்புகின்றன. ஒவ்வொரு பாய்ச்சலிலும் மாங்கனீசு முன்னும் இரும்பு பின்னுமாகக் கரைகின்றன. இரும்பு காற்றுப் பட்டவுடன் விரைந்து படிகிறது. மாங்கனீசு அதைவிட மெதுவாகவே ஆக்சிசனேற்றம் அடைகிறது. ஆகவே இரும்பு குறைந்து மாங்கனீசு எஞ்சும் இடைவேளைகளும், இரண்டும் மிகுந்த வேளைகளும் ஒரு பருவத்திலேயே பலமுறை மாறி மாறி வருகின்றன. தொடர்ந்து நீர் நின்ற சம்பா வயலில் ஒருமுறை நிகழ்ந்த மாற்றம் இங்கு மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. அதோடு வெடிப்பு விடும் தறுவாயில் பாசி வெயிலையும் வறட்சியையும் ஒருசேர எதிர்கொள்கிறது. சூப்பர்ஆக்சைடு மிகுவதும் அப்போதுதான்.

உயிர் உரத்திற்கான பாசி இனங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஆய்வக ஊடகத்தில் அவற்றின் வளர்ச்சியையும் நைட்ரசன் நிலைநிறுத்தும் அளவையும் கணிப்பதே பெருவழக்கு. அவ்வூடகங்களில் இரும்பும் மாங்கனீசும் குறிப்பிட்ட அளவில், என்றும் கரைந்த நிலையில் தரப்படுகின்றன. குடுவையில் சிறந்து விளங்கும் இனம் வயலில் மங்கிப்போவதற்குப் பல காரணங்கள் உண்டு: மேயும் சிற்றுயிர்கள், போட்டிப் பாசிகள், பூச்சிக்கொல்லிகள். உலோகத்தின் ஏற்ற இறக்கமும் அவற்றுள் ஒன்றாக எண்ணிச் சோதிக்கப்பட வேண்டியது என்பதே மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பெறப்படும் கருத்து. மரபணு இருக்கிறதா, செய்தி ஆர்.என்.ஏ. மிகுந்துள்ளதா என்று காண்பது இதற்குப் போதாது. மாங்கனீசு நொதிக்குள் இரும்பு புகுந்துவிட்டால் அவ்விரண்டு சோதனைகளும் நல்ல செய்தியையே கூறும். மண்ணில் மாங்கனீசின் மொத்த அளவைக் கணிப்பதும் அவ்வாறே. கரையாத ஆக்சைடு பாசிக்கு எட்டாத செல்வம்.

போதுமான சோதனை எளியது, மலிவானது. உயிரணுச் சாற்றை வடிவம் குலையாதவாறு பாலிஅக்ரிலமைடு கூழில் மின்பகுத்து, நைட்ரோநீல டெட்ரசோலியம், ரைபோஃபிளேவின் கலந்த கரைசலில் ஊறவைத்து ஒளி காட்டினால் கூழ் முழுவதும் நீலமாகும். சூப்பர்ஆக்சைடை நீக்கும் நொதி உள்ள இடங்கள் மட்டும் நிறமற்ற பட்டைகளாக நிற்கும். 1971இல் பியூச்சம், ஃபிரிடோவிச் ஆகியோர் அறிமுகப்படுத்திய முறை இது. அதே கூழின் இன்னொரு துண்டை முன்னரே ஹைட்ரசன் பெராக்சைடில் நனைத்தால் இரும்பு நொதியின் பட்டை மறையும், மாங்கனீசு நொதியின் பட்டை நிலைக்கும். சயனைடு செம்பு-துத்தநாக நொதியை மட்டும் அடக்கும். ஈ. கோலையில் இரு நொதிகளின் அலகுகள் கலந்த கலப்பு இருபடி மூன்றாம் பட்டையாக இடையில் தோன்றுவதுண்டு. பாசிகளிலும் பட்டைகளை எண்ணும்போது இதனை மனத்தில் கொள்ள வேண்டும். செயலற்ற உலோகம் நிரம்பிய புரதம் எந்தப் பட்டையையும் தராது. பாய்ச்சிய நாளிலும், நீர் நின்ற நடுநாளிலும், வெடிப்பு விடும் நாளிலும் ஒரே வயலில் எடுத்த பாசியை இவ்வாறு மூன்று கூழ்களில் வைத்து, உடன் எடுத்த நீரில் கரைந்துள்ள இரும்பையும் மாங்கனீசையும் அளந்து ஒப்பிடுவது ஒரு கல்லூரி ஆய்வகத்தின் வசதிக்குள் அடங்கும் பணியே. பழைய படுகையின் களிமண் வயல் ஒன்றையும் மதுக்கூர்ப் பகுதியின் செம்மண் வயல் ஒன்றையும் தேர்ந்து குறுவை, தாளடி ஆகிய இரு பருவங்களில் அதனைச் செய்தால், தூவப்படும் பாசித் தூளில் எந்த இனம் எந்த மண்ணுக்கு உரியது என்று பிரித்துரைக்கத் தொடங்கலாம்.